பிள்ளைகளுக்கான ஜி.பி.எஸ். கடிகாரம்: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வாங்கலாமா?

பள்ளி திறக்கும் சமயத்தில் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் கைப்பேசிக் கடைகளில் கண்ணாடிப் பெட்டியின் மேல்தட்டு முழுக்க இந்தக் கடிகாரம்தான். இளஞ்சிவப்பிலோ நீலத்திலோ ரப்பர் பட்டை, தீப்பெட்டி அளவுத் திரை, பக்கவாட்டில் எஸ்.ஓ.எஸ். பொத்தான். உள்ளே சிம் போட்டால் பிள்ளை பேசலாம். பெற்றோர் தங்கள் கைப்பேசியில் பிள்ளை இருக்கும் இடத்தை ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். பெட்டியில் பெயர்கள்தான் வேறு வேறு. மலிவு வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இருக்கும் சீனத்துச் சர்க்யூட்டும் செயலியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு பிராண்டைப் பிடித்துப் பேசாமல் இந்த வகையையே மதிப்பிடுகிறோம்.

தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், இது நன்றாக வேலை செய்யும். செம்பனைத் தோட்டத்துக்குள் தடுமாறும். எந்த இடத்தை நினைத்துப் பயந்து வாங்குகிறோமோ, அங்கேதான் கை விரிக்கும்.

இது எதற்குப் பதிலாக வந்த சாமான் என்று தெரிந்தால்தான் கொடுக்கிற காசு தகுமா என்று சொல்ல முடியும். ரப்பர் தோட்டக் காலத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. தாய் தகப்பன் இருவரும் பால்வெட்டுக்குப் போய்விட்டால் கைக்குழந்தை ஆயாக்கொட்டகைத் தூளியில் கிடக்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை நாலைந்து பேரோடு செம்மண் சாலையில் நடக்கும், கூட்டத்தில் மூத்த அக்காதான் தலைவி. லயத்து வாசல்கள் எல்லாம் ஒரே வரிசை. முதல் வீட்டுப் பாட்டி கண்ணில் படாமல் பதினைந்தாவது வீட்டுப் பையன் ஆற்றுப்பக்கம் திரும்ப முடியாது. திரும்பினால் பாட்டியே முதுகில் இரண்டு வைப்பார். சேதி வீட்டுக்கும் போகும், அங்கேயும் இரண்டு விழும்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொன்னாக்க வேண்டியதில்லை. ஈயக்குட்டையில் மூழ்கிய பிள்ளைகள் உண்டு. பால் உறைய ஊற்றும் அமிலத்தில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஒட்டுப்பால் பொறுக்கப் போய்ப் பள்ளிக்கூடத்தையே விட்டவர்களும் உண்டு. களைக்கொல்லி பாராகுவாட்டுக்கு இந்த நாட்டில் முழுத் தடை வந்ததே 2020 ஜனவரியில்தான். பத்து வயது அக்காவை நம்பி மூன்று வயதுத் தம்பியை விட்டுப்போவது அன்றைக்கு வழக்கம். இன்றைக்கு 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, தகுந்த மேற்பார்வை இல்லாமல் பிள்ளையை விட்டுப்போவதையே குற்றம் என்கிறது. எனவே இப்போதைய பெற்றோரைப் பார்த்து "பயந்தாங்கொள்ளிகள்" என்று சிரிக்கும் தாத்தாக்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது தோட்டத்துக்குத் தேவையான ஆட்கள் குறைந்தார்கள், மிச்ச வேலைக்கு வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் பெயர்ந்தன. இரும்பு கேட், பூட்டு, பக்கத்து வீட்டில் யாரென்றே தெரியாத நிலை. 2007-இல் கோலாலம்பூரில் இரவுச் சந்தைக்குப் போன எட்டு வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு 2011-இல் காணாமல் போகும் சிறுவர்களுக்காக நுர் எச்சரிக்கை முறை வந்தது. பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் லயத்துப் பாட்டி பார்த்தது பையன் என்ன செய்கிறான் என்று. கடிகாரத்துக்குத் தெரிந்தது அவன் எங்கே இருக்கிறான் என்பது மட்டும்தான், அதுவும் சில இடங்களில்தான்.

எந்த இடங்களில் என்று பார்ப்போம். கடிகாரம் இடத்தை மூன்று வழிகளில் கண்டுபிடிக்கிறது. முதலாவது செயற்கைக்கோள். திறந்த திடலில் நின்றால் 10 முதல் 20 மீட்டர் பிசகு, அது போதும். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே போனால் சிக்னல் கிடைக்காது. செம்பனைக்குள்ளும் அதே கதைதான். மரங்களை 9 மீட்டர் முக்கோணமாக நடுகிறார்கள், ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 140 மரம். முதிர்ந்த காட்டில் மட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக் கூரையாகிவிடும். மழை நனைத்த மட்டை சிக்னலை இன்னும் விழுங்கும். கைப்பேசியிலேயே திணறும் இந்த வேலையை, கட்டைவிரல் நகம் அளவு ஆன்டெனா வைத்திருக்கும் கடிகாரத்திடம் எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது வைஃபை. சுற்றியிருக்கும் வைஃபை பெட்டிகளின் அடையாளத்தைப் படித்து, சர்வரில் இருக்கும் பட்டியலோடு ஒப்பிட்டு இடத்தைச் சொல்லும். வரிசையாக வீடுகள் இருக்கும் தாமானில் இது அருமை, வீட்டுக்குள் இருந்தாலும் கிட்டத்தட்ட சரியாகக் காட்டும். தோட்டத்துக்குள் வைஃபைக்கு எங்கே போவது?

மூன்றாவது, தொலைபேசிக் கோபுரம். முதல் இரண்டும் கிடைக்காவிட்டால் "இந்தக் கோபுரத்துக்குப் பக்கத்தில்" என்று ஒரு புள்ளியை வைத்துவிடும். பட்டணத்தில் இது சில நூறு மீட்டர் தவறும். கோபுரங்கள் தள்ளித் தள்ளி நிற்கும் தோட்டப்புறத்தில் ஒரு கிலோமீட்டர், அதற்கு மேலும் தவறும். பிள்ளை தோட்டத்துக் கோயில் வாசலில் கோலி ஆடிக்கொண்டிருப்பான். திரையிலோ புள்ளி திடீரென்று தாவி சுங்கை பிளஸ் ஆற்றுக்கு அக்கரையில் போய் உட்காரும். அம்மா ஈப்போவில் தொழிற்சாலை ஷிப்டில், கையில் கைப்பேசி, வயிற்றில் புளி. இரண்டு நிமிடத்தில் புள்ளி மறுபடி கோயிலுக்கே திரும்பும்.

இது பழுதல்ல, இப்படித்தான் அது இயங்குகிறது. பெரும்பாலான செயலிகளில் புள்ளியைத் தொட்டால் அந்த இடம் ஜி.பி.எஸ்., வைஃபை, எல்.பி.எஸ். இவற்றில் எதிலிருந்து வந்தது, எத்தனை மணிக்கு வந்தது என்று சின்ன எழுத்தில் இருக்கும். எல்.பி.எஸ். என்றால் அது கோபுரக் கணக்கு, அதை நம்பி மோட்டாரை எடுக்காதீர்கள். இதைப் படிக்கத் தெரியாத வீட்டில் கடிகாரம் நிம்மதியைத் தராது, இரத்த அழுத்தத்தைத்தான் தரும்.

வேலி எச்சரிக்கையைப் பற்றி விளம்பரத்தில் நிறையப் பேசுவார்கள். வரைபடத்தில் பள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால், பிள்ளை தாண்டும்போது மணி அடிக்குமாம். பல செயலிகளில் மிகச் சிறிய வட்டமே 200 மீட்டர் ஆரம், சிலவற்றில் 500. பள்ளி வாசலுக்கும் லோரி ஓடும் சாலைக்கும் நடுவே 30 மீட்டர்கூட இருக்காது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் அனுப்பும் கடிகாரமாக இருந்தால், மணி அடிக்கும்போது பிள்ளை வீட்டில் சோறு தின்றுகொண்டிருக்கும். இந்த அம்சத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது சிம். இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மலேசியாவில் 3ஜி சேவை 2021 கடைசியோடு நின்றுபோனது. கடையில் தேங்கிக் கிடக்கும் பழைய 3ஜி கடிகாரம் 2ஜிக்கு இறங்கித்தான் பேசும், வீடியோ அழைப்பு வராது. புதிதாக வாங்கினால் 4ஜி மட்டும்தான். பெட்டியில் 4ஜி என்று இருந்தாலும் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, அலைவரிசை 3, 8 இரண்டும் இருக்க வேண்டும். 8 என்பது 900 மெகாஹெர்ட்ஸ், மேட்டிலும் காட்டிலும் தூரம் போகிற அலை. வேறு நாட்டுச் சந்தைக்குச் செய்து இணையத்தில் மலிவாக வரும் சிலவற்றில் இது இருக்காது. இரண்டு, வோல்ட்டி. 4ஜி வழியாகவே குரல் அழைப்பு போவதற்கான வசதி இது. கடிகாரத்தில் இது இல்லாவிட்டால் பேசுவதற்கு 2ஜி தேவை, 2ஜி இல்லாத நிறுவனத்தின் சிம்மைப் போட்டால் புள்ளி தெரியும், அழைப்பு போகாது.

சிம்மைத் தாய் அல்லது தகப்பனின் மைகார்டில் (அடையாள அட்டையில்) பதியுங்கள். டேட்டா மாதத்துக்குச் சில நூறு எம்.பி. போதும், வீடியோ அழைப்பு பேசினால்தான் கூடும். ப்ரீபெய்ட் நாள் முடிந்தால் கடிகாரம் ஒன்றும் சொல்லாது, வரைபடத்தில் பழைய புள்ளி அப்படியே நிற்கும். பிள்ளை பள்ளியில் பத்திரமாக இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நாள் முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்பது நல்லது.

பேட்டரி பெரும்பாலும் 600, 700 எம்.ஏ.எச். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் அனுப்பினால் ஒரு நாள் ஓடும். ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்று வைத்தால் மதியத்துக்குள் செத்துவிடும். கோபுரம் தூரமாக இருக்கும் இடத்தில் கடிகாரம் சக்தியைக் கூட்டிக் கூட்டித் தேடும், அதனால் தாமான் வீட்டில் இரவு வரை ஓடுவது தோட்டத்து வீட்டில் நாலு மணிக்கே அணையும். சார்ஜ் போடும் காந்தக் கம்பி இன்னொரு தலைவலி. பின்பக்கம் இருக்கும் இரண்டு அல்லது நான்கு செப்புப் புள்ளிகளில் வியர்வை காய்ந்து பச்சைப் பாசி மாதிரி படியும். முதலில் சார்ஜ் விட்டு விட்டு ஏறும், பிறகு ஏறவே ஏறாது. வாரம் ஒருமுறை பழைய பல் துலக்கியில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தால் போதும். கடையில் இதற்குப் "போர்டு போச்சு" என்று சொல்லிக் காசு கேட்பார்கள்.

ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். சவுக்காரத் தண்ணீர், சுடுதண்ணீர் ஆவி, ஆற்றுக் குளியல் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. சிம் மூடியின் ரப்பர் ஒருமுறை சரியாக அழுந்தாவிட்டால் மழையே போதும்.

எஸ்.ஓ.எஸ். பொத்தான்தான் இதில் உருப்படியான அம்சம். மூன்று முதல் ஐந்து விநாடி அழுத்தினால், பதிந்து வைத்த மூன்று எண்களுக்கு ஒருவர் எடுக்கும் வரை மாறி மாறி அழைக்கும். பெரும்பாலான வீடுகளில் முதல் எண் அப்பா, இரண்டாவது அம்மா, மூன்றாவது யாரோ கோலாலம்பூர் சித்தப்பா. அப்பா குலை வெட்டும் இடத்தில் சிக்னல் இருக்காது, அம்மா தொழிற்சாலை லாக்கரில் கைப்பேசியைப் பூட்டியிருப்பார், சித்தப்பா எடுத்து என்ன செய்யப்போகிறார்? இரண்டாவது எண்ணாகப் பள்ளிக்குப் பக்கத்துக் கடைக்காரரையோ பள்ளி வேன் ஓட்டுநரையோ கேட்டுக்கொண்டு பதியுங்கள். ஐந்து நிமிடத்தில் நேரில் வந்து நிற்கக் கூடியவர்தான் அங்கே வேண்டும். பொத்தானைப் பிள்ளையை வைத்தே நாலு தடவை அழுத்திப் பழக்குங்கள். ஏழு வயது விரலுக்கு அந்த ஐந்து விநாடி ரொம்ப நீளம், இரண்டாவது விநாடியிலேயே விட்டுவிடும்.

இனி அந்த ஒட்டுக்கேட்கும் வசதி. செயலியில் "கண்காணிப்பு" என்ற ஒரு பொத்தானை அழுத்தினால் கடிகாரம் மணியடிக்காமல் தானே உங்களை அழைத்துச் சுற்றியிருக்கும் பேச்சை அனுப்பும். ஆசிரியர் பேசுவது, பக்கத்துப் பிள்ளை அழுவது எல்லாம் கேட்கும். ஜெர்மனி 2017 நவம்பரில் இப்படிப்பட்ட பிள்ளைக் கடிகாரங்களையே தடை செய்தது. அதே ஆண்டு நார்வேயின் பயனீட்டாளர் மன்றமும் இவற்றின் பாதுகாப்பு ஓட்டைகளை வெளிப்படுத்தியது. 2019-இல் அவாஸ்ட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இதே ரகத்தைச் சேர்ந்த சுமார் 6 லட்சம் கருவிகளின் கடவுச்சொல் எல்லாம் 123456 என்று கண்டுபிடித்தார்கள். அந்தச் சொல்லைத் தெரிந்த எவனும் உங்கள் பிள்ளையின் புள்ளியைப் பார்க்கலாம். கடத்தல்காரனுக்குப் பயந்து வாங்கிய கடிகாரம், அவனுக்கே வழி சொல்லாமல் இருக்க வேண்டுமே! கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பைத் தடுங்கள். கண்காணிப்பை அணையுங்கள், அணைக்க முடியாத மாடலை வாங்காதீர்கள். பள்ளி நேரத்துக்கு வகுப்பு முறையைப் போட்டால் நேரமும் எஸ்.ஓ.எஸ்.ஸும் மட்டும் இயங்கும். அப்படியும் கட்டிக்கொண்டு வர விடுவார்களா என்று தலைமையாசிரியரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள், பள்ளிக்குப் பள்ளி பதில் மாறும்.

யாருக்குத் தேவை? ஆறு வயதுக்குக் கீழே தேவையில்லை. அந்த வயதுக்கு ஆள்தான் வேண்டும், கடிகாரம் ஆயா ஆகாது. பன்னிரண்டுக்கு மேல் பிள்ளையே கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விடும். புள்ளி வீட்டில் இருக்கும், பையன் சைபர் கஃபேயில் இருப்பான். ஏழு முதல் பதினொன்று வரைதான் இதற்குச் சரியான வயது.

அந்த வயதிலும் வாங்கிக் கட்டிவிட்டு, பிள்ளையை முன்பு போலவே கேட்டுக்குள் பூட்டி வைப்பதென்றால் காசு தண்டம். கயிற்றைக் கொஞ்சம் நீளமாக விடுவதற்கு இதைப் பயன்படுத்தினால்தான் போட்ட பணம் வரும். முதல் வாரம் தாமான் முனைக் கடைக்கு ரொட்டி வாங்கத் தனியாக அனுப்புங்கள். போகும்போதும் திரும்பும்போதும் பிள்ளையே ஒருமுறை அழைக்கட்டும், வரைபடத்தைத் திறக்காதீர்கள். அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளித் தோழி வீடு. அதற்கடுத்த மாதம் வேனை விட்டுவிட்டுப் பள்ளியிலிருந்து மூன்று பேராக நடந்து வரட்டும். அரை மணி தாமதமானால் மட்டும் புள்ளியைப் பாருங்கள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை "எங்கேம்மா இருக்க?" என்று அழைத்தால் பிள்ளை மூன்றாவது நாளிலிருந்து எடுக்காது. அப்புறம் உண்மையான அவசரத்துக்கும் எடுக்காது. கடிகாரத்தோடு கூட அவசர எண் 999, தாலியான் காசே உதவி எண் 15999 இரண்டையும் மனப்பாடம் செய்ய வையுங்கள், பேட்டரி செத்தாலும் அது தலையில் இருக்கும்.

விலை சுமாராக 100 வெள்ளியில் (ரிங்கிட்டில்) தொடங்கி 400 வரை போகிறது. 150 முதல் 250 வரை கொடுத்தால் தேவையானது எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல் கொடுப்பது பெரும்பாலும் கேமராவுக்கும் விளையாட்டுக்கும்தான். தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யின் முத்திரை இருக்கிறதா என்று பெட்டியில் பாருங்கள். பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் சிம்மைக் கடையிலேயே போடச் சொல்லுங்கள், செயலியை உங்கள் கைப்பேசியில் இறக்கி இணையுங்கள். கடிகாரத்திலிருந்து ஓர் அழைப்பு, கைப்பேசியிலிருந்து ஓர் அழைப்பு, வாசலில் வெயிலில் ஐந்து நிமிடம் நின்று ஒரு புள்ளி. மூன்றும் சரியாக வந்தால் வாங்கலாம். "வீட்டுல போய் செட் பண்ணிக்கலாம்ணே, ஒன்னும் ஆகாது" என்று கடைக்காரத் தம்பி அவசரப்படுத்தினால், அந்தப் பெட்டியை மேல்தட்டிலேயே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.