காட்டைப் பற்றிய பழைய எழுத்தைக் காதால் கேட்பது: லிப்ரிவாக்ஸ், பல வருட அனுபவம்

லிப்ரிவாக்ஸ் தெரியாதவர்களுக்காக முதலில் ரெண்டு வரி. காப்புரிமை முடிந்த புத்தகங்களைத் தன்னார்வலர்கள் வீட்டிலிருந்தே வாசித்துப் பதிவு செய்து எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற திட்டம் அது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹியூ மெக்வயர் 2005 ஆகஸ்டில் ஆரம்பித்தார். வாசிக்கும் நூல் பெரும்பாலும் பழைய நூல்களை இலவச மின்னூலாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்திலிருந்து வரும், ஒலிக்கோப்புகள் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தில் இருக்கும். வாசிப்பவருக்குச் சம்பளம் இல்லை, கேட்பவருக்குக் கட்டணம் இல்லை, பதிவின் மேல் யாருக்கும் உரிமையும் இல்லை. நான் அதில் கேட்பது முக்கால்வாசி ஒரே வகைதான்: காடு, மலை, பாலைவனம் பற்றிய பழைய அமெரிக்க எழுத்து. நாவலுக்கு இது எப்படி என்று மற்றவர்கள் சொல்லட்டும். இந்த வகை எழுத்தைக் கண்ணால் படிப்பதைவிடக் காதால் கேட்பதுதான் சரி என்பது என் அழுத்தமான எண்ணம்.

ஏன் என்று சொல்கிறேன். அமெரிக்க இயற்கை எழுத்தாளர் ஜான் மியூரின் 1894-ஆம் வருடப் புத்தகமான ‘தி மவுன்டன்ஸ் ஆஃப் கலிபோர்னியா’வில் காடுகளைப் பற்றி ஒரு நீண்ட அத்தியாயம் இருக்கிறது. சுகர் பைன், எல்லோ பைன், சில்வர் ஃபிர், செக்கோயா என்று ஒவ்வொரு மரமாக எடுத்துக்கொண்டு உயரம், பட்டையின் நிறம், காயின் நீளம், எந்த உயரத்தில் வளரும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டே போவார். அச்சில் படிக்கும்போது கண் தானாகவே பத்தி பத்தியாகத் தாவிவிடும், அடுத்து எங்கே கதை வருகிறது என்று தேடும். கேட்கும்போது தாவ முடியாது. வாசிப்பவர் தன் வேகத்தில்தான் வருவார், நாமும் அவர் கூடவே நடக்க வேண்டியதுதான். அப்படி முழுசாகக் கேட்டு முடித்த பிறகுதான் அந்த மரங்களை மியூர் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்திருக்கிறார், எதையும் அவசரமாகக் கடக்கவில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதே புத்தகத்தில் புயல் அத்தியாயம். 1874 டிசம்பரில் யூபா ஆற்றின் கிளைப் பள்ளத்தாக்கு ஒன்றில் பெருங்காற்று அடிக்கும்போது, ஒதுங்க இடம் தேடாமல், நூறடி உயரமுள்ள டக்ளஸ் ஸ்ப்ரூஸ் மரமாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து உச்சிக்கு ஏறி மணிக்கணக்கில் ஆடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனிதர். அங்கிருந்து அவர் எழுதுவதில் பாதி சத்தம்தான்: இலையில்லாத கிளைகள் எழுப்பும் ஒலி, பைன் ஊசிகளின் சீழ்க்கை, பள்ளத்தாக்கில் காற்று விழும் ஓசை. நான் கேட்ட பதிவில் வாசித்தவர் குரலை உயர்த்தவே இல்லை. கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்வது போல நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனார். காசு வாங்கிப் படிக்கும் நடிகர் யாராவது அந்த இடத்தில் புயலை நடித்துக் காட்டியிருப்பார், எழுத்து அடிபட்டுப் போயிருக்கும்.

இதற்கு அந்தத் திட்டத்தின் ஒரு வழக்கமும் காரணம் என்று நினைக்கிறேன். பதிவு வெளியாகும் முன் இன்னொரு தன்னார்வலர் முழுசாகக் கேட்பார். ஒரு வரி விட்டுப்போயிருந்தால், ஒரே வாக்கியம் இரண்டு தடவை வந்திருந்தால், நடுவில் நீண்ட மௌனம் இருந்தால், எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்று குறித்துத் திருப்பி அனுப்புவார். வாசிப்பவர் அந்தத் துண்டை மட்டும் மறுபடி பேசி ஒட்டுவார். ஆனால் உச்சரிப்பின் சாயல், குரல், உணர்ச்சி வெளிப்பாடு பற்றி, கேட்டால் ஒழியக் கருத்து சொல்ல மாட்டார்கள். தரம் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் நூலில் இருப்பது குறையாமல் வந்ததா என்பதுதான். இது பலருக்குப் பிடிக்காது, தெரியும். எனக்கு இதுதான் அந்தத் திட்டத்தின் உயிர் என்று படுகிறது. குரல் சரியில்லை என்று ஆளை விரட்டியிருந்தால் இந்தப் புத்தகங்களில் பாதியை யாருமே வாசித்திருக்க மாட்டார்கள்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பெரிய குறை கூட்டு வாசிப்பு. ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் பிரித்துக்கொண்டு படிப்பது கட்டுரைத் தொகுப்புக்குச் சரிப்படும். நாட்குறிப்புக்கும் கடிதத்துக்கும் ஒத்தே வராது. இசபெல்லா பர்ட் என்ற ஆங்கிலேயப் பயணி 1873-இல் கொலராடோ மலைகளில் குதிரையில் தனியாகத் திரிந்து தங்கைக்கு எழுதிய கடிதங்கள் இருக்கின்றன, லாங்ஸ் பீக் சிகரம் ஏறியது உட்பட. ஒருத்தி தன் தங்கையிடம் பேசுவது அது. முதல் கடிதத்துக்கு ஒரு குரல், அடுத்ததற்கு ஒரு ஆண் குரல் என்று மாறினால் அந்த நெருக்கம் போய்விடும். அதனால் இறக்குவதற்கு முன் ஒரே ஆள் வாசித்ததா என்று பாருங்கள். ஒரே நூலுக்கு ரெண்டு மூன்று பதிவுகள் இருப்பதும் உண்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

சில பழைய பதிவுகளில் ஒலி மங்கலாக இருக்கும், ஃபேன் சத்தம் கேட்கும், ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் ‘இது லிப்ரிவாக்ஸ் பதிவு’ என்ற அதே அறிவிப்பு வரும். நடந்துகொண்டே கேட்கும்போது இதெல்லாம் பெரிதாக உறுத்தாது. தூங்கும் முன் கேட்பவர்களுக்கு உறுத்தலாம்.

இன்னொன்று இவர்கள் கையில் இல்லாதது. அமெரிக்கச் சட்டப்படி அந்தக் காலத்துப் புத்தகங்கள், காப்புரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், வெளியாகி 95 வருடம் கழித்துத்தான் பொதுவுடைமை ஆகும். அதனால் இயற்கை எழுத்தாளர் ஆல்டோ லியோபோல்டின் 1949-ஆம் வருட நூல் இங்கே வர 2045 ஆக வேண்டும். கிடைப்பதெல்லாம் அதற்கு முந்தைய தலைமுறை, அந்தத் தலைமுறையின் கோணலும் அதோடு சேர்ந்தே வரும். மியூர் 1869 கோடையில் ஆட்டு மந்தையோடு சியாரா நெவாடா மலைகளில் திரிந்ததைச் சொல்லும் நூலில், அங்கேயே வாழ்ந்த பூர்வகுடி மக்களைப் பற்றி எழுதிய சில வரிகளைக் கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. லிப்ரிவாக்ஸில் நூலை ஒரு சொல்கூட மாற்றாமல்தான் வாசிப்பார்கள். அதுதான் முறை. அவரை அப்படியே கேட்டுவிட்டு, அடுத்ததாக சார்லஸ் ஈஸ்ட்மேன் 1902-இல் எழுதிய சிறுவயது நினைவுகளைப் போடுங்கள். அவர் டகோட்டா இனத்தவர், காட்டிலேயே வளர்ந்தவர். மியூருக்கு மனிதன் கை படாத இடமாகத் தெரிந்த காடு, ஈஸ்ட்மேனுக்குப் பாட்டி வேர் தோண்டிய இடம், மாமா வேட்டை சொல்லிக்கொடுத்த இடம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்காமல் இந்த வகை எழுத்தைப் பற்றி யாரும் முடிவுக்கு வரக் கூடாது.

பாலைவனம் பிடிக்கும் என்றால் மேரி ஆஸ்டினின் 1903-ஆம் வருட நூல் ‘தி லேண்ட் ஆஃப் லிட்டில் ரெயின்’. கலிபோர்னியாவில் மழை அரிதான ஓவன்ஸ் பள்ளத்தாக்குப் பக்கத்து வாழ்க்கை. வாக்கியங்கள் கொஞ்சம் முறுக்கலாக இருக்கும், சில இடங்களைத் திருப்பிக் கேட்க வேண்டி வரும்.

எடுத்த எடுப்பில் பெரிய புத்தகத்தில் கை வைக்க வேண்டாம். அலாஸ்காவில் ஒரு பனியாற்றின் மேல் மியூரும் ஒரு சின்னக் கறுப்பு நாயும் புயலில் மாட்டிக்கொண்ட கதையான ‘ஸ்டிக்கீன்’ ஒரு தடவை நடந்துவிட்டு வருவதற்குள் கேட்டுவிடலாம். வாசிப்பவரின் குரலுக்குக் காது பழக அதுவே போதும், அப்புறம் சியாராவுக்குப் போங்கள்.