அடிபட்ட பன்றி கருவைக்குள் போய்விட்டால்: கண்ணா, கன்னி நாயா, ட்ரோனா, கயிற்று நாயா?

சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்தில் காட்டுப்பன்றியால் நட்டப்படாத சம்சாரி அபூர்வம். கடலைச் செடியைப் பிடுங்கிப் போடும், பால் பிடித்த நெல்லில் படுத்துப் புரளும், பனங்கிழங்குப் பாத்தியை ஒரே ராத்திரியில் கிளறிவிடும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். 3 கிலோமீட்டரைத் தாண்டினால் பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் சுடலாம். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் காப்புக்காடு குறைவு என்பதால் பெரும்பாலான ஊர்கள் மூன்றாவது வகையில்தான் வரும்.

அதிலிருந்து டீக்கடையிலும் குறைதீர் கூட்டத்திலும் சுடுவதைப் பற்றியேதான் பேச்சு. குண்டு பட்டும் விழாமல் ஓடுகிற பன்றியை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது.

அடிபட்ட பன்றி நேராகக் கருவைக்குள் நுழையும். வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம் தரையிலிருந்தே கிளைவிட்டு, முள்ளும் முள்ளுமாகப் பின்னிக் கிடக்கும். பன்றிக்கு அதில் குடைந்த பாதை உண்டு, மனிதனுக்குக் கிடையாது. போதாததற்கு, பன்றியின் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு காயத்தின் வாயை அடைத்துக்கொள்ளும். உள்ளே ரத்தம் கொட்டினாலும் வெளியே சொட்டு விழாது. அப்படி ஒளிந்த உயிர் உடனே சாவதும் இல்லை, ஒன்றிரண்டு நாள் கிடந்து துடிக்கும். மறுநாள் அந்த வழியாகச் சுள்ளி பொறுக்கப் போகிறவர் மேலேயோ, கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகிறவர் மேலேயோ பாயவும் செய்யும். துப்பாக்கி மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியில் அடிபட்டது, சுருக்குக் கம்பியை அறுத்துக்கொண்டு போனது, அவுட்டுக்காய் என்கிற நாட்டு வெடியைக் கடித்துத் தாடை சிதறியது என்று எல்லாமே கடைசியில் கருவைக்குள்தான் போய்ச் சேர்கின்றன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுயிரைச் சுடுவது மட்டும் குற்றமல்ல, நாயைவிட்டு விரட்டுவதும் வேட்டைதான். முயலுக்கு நாய் விடுவதும் அதில் சேரும். ஆகவே இங்கே ஒப்பிடுவதெல்லாம் அனுமதியோடு வரும் வனத்துறைக் குழுவுக்கும், அவர்கள் கேட்டால் கூடப் போகிற ஊர்க்காரர்களுக்கும் உரியது.

முதல் வழி, கண். தடம் பார்ப்பதில் ஆட்டுக்கிடை போடும் நம் கீதாரிகளுக்கு இணை கிடையாது. கிடை மாற்றிக் கிடை மாற்றி மண்ணைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். வாலிநோக்கம் போகும் வழியில், சாலையில் அடிபட்ட ஒரு பன்றியின் தடத்தை ஒரு கீதாரி குனிந்து பார்த்ததை நான் பக்கத்தில் நின்று கவனித்திருக்கிறேன். மூன்று குளம்பு அழுத்தமாகப் பதிந்திருந்தது. நான்காவது இருக்கவேண்டிய இடத்தில் விரல் கனத்துக்கு ஒரு கீறல், கீறலின் ஓரத்தில் சரிந்த மணல் இன்னும் ஈரமாக இருந்தது. “வலது முன்னங்காலை இழுத்துக்கிட்டுப் போகுது தம்பி. வெயில் ஏறுறதுக்குள்ள போயிருக்கு, இல்லேன்னா இந்த ஓரம் காய்ஞ்சிருக்கும்” என்றார். காயம் எங்கே, எப்போது போனது, எந்தத் திசை என்று ஒரே பார்வையில் மூன்றும் வந்துவிட்டன. இந்த அறிவை எந்த நாயாலும் கருவியாலும் தரமுடியாது. ஆனால் அந்தத் தடம் கருவைச் சருகுக்குள் நுழைந்ததும் அவரும் நின்றுவிட்டார். சருகில் குளம்பு பதியாது. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் திறந்த மணலில்கூடக் காற்று தடத்தை மூடிவிடும். ஆக, கண் தொடங்கி வைக்கும், முடித்துத் தராது.

அடுத்தது, ஊரில் எல்லோரும் முதலில் சொல்கிற வழி: “கன்னியை அவுத்துவிடு, நொடியில பிடிச்சுரும்.” கன்னியும் சிப்பிப்பாறையும் தென்தமிழ்நாட்டின் பெருமை. ஒடுங்கிய முகம், ஒட்டிய வயிறு, ஓடினால் கண் தொடரமுடியாத வேகம். அந்த அழகை நானும் ரசிப்பவன். ஆனால் அவை கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். பொட்டல் வெளியில் இரை கண்ணில் பட்டால்தான் அவற்றின் வேகத்துக்கு வேலை. நேற்று ராத்திரி போன பன்றியைக் கருவைக்குள் தேடு என்றால், அவற்றின் உடம்பும் குணமும் இரண்டுமே அந்த வேலைக்கு வாய்த்தவை அல்ல. மெல்லிய தோலை முள் கிழித்துவிடும். பன்றி திரும்பி நின்றால் கொம்புப் பல் வயிற்றைக் கிழித்துவிடும்.

அவிழ்த்துவிட்ட நாய், எந்த இனமாக இருந்தாலும், இந்தக் கடற்கரைக்குப் பொருந்தாது என்பதற்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு. ஒன்று அவுட்டுக்காய். கொழுப்பு தடவி வைத்த வெடியை நாய் கவ்வினால் நாயின் வாயே போய்விடும், கூப்பிடு தூரத்துக்கு அப்பால் ஓடும் நாயை யாரும் தடுக்கமுடியாது. மற்றொன்று நம் கண்மாய்கள். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கால் நான்கும் பறவைகள் சரணாலயம், நான்குமே உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இருப்பவை. மழைக்குப் பிறகு அங்கே கருவை மரங்களில்தான் நாரையும் கொக்கும் கூடு கட்டுகின்றன. ஒரு பன்றியைத் தேடப்போய் அங்கே நாயை ஓடவிட்டால் ஒரு பருவத்துக் குஞ்சுகளையே இழப்போம். இந்த ஒரு காரணத்துக்காகவே அவிழ்த்துவிடும் வழியை நான் அடியோடு மறுக்கிறேன்.

ட்ரோன் பற்றி நிறையச் சொல்ல இல்லை. வெப்பம் காட்டும் கேமரா பொருத்திய ட்ரோன் திறந்த வயலில் மேயும் பன்றியை நன்றாகக் காட்டும், அதனால் சுடுவதற்கு முன் எத்தனை நிற்கின்றன, குட்டி உண்டா என்று பார்க்க உதவும். கருவையின் அடர்ந்த கொப்புக்குக் கீழே கிடப்பதைத் தேட அது சரிவராது. வெயில் ஏறியதும் நம் மண்ணே விலங்கின் உடம்பு அளவுக்குச் சுட்டுவிடும், வித்தியாசம் தெரியாது. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானதளம் இருப்பதால் அந்த வட்டாரத்தில் பறக்கவிட அனுமதிக்கே அலையவேண்டும்.

இனி கயிற்று நாய். நீளக் கயிற்றில் கட்டிய நாய் தரையில் மூக்கை வைத்து மெதுவாகத் தடத்தைத் தொடரும், பின்னால் ஆள் நடப்பார். ஜெர்மனியில் இது தலைமுறை தலைமுறையாக நடக்கும் வேலை. ஹனோவர் மோப்ப நாய், பவேரிய மலை மோப்ப நாய் என்று இதற்காகவே வளர்த்த இனங்கள் உண்டு. ஹனோவர் நாய்க்கான சங்கம் 1894ல் தொடங்கியது. அமெரிக்காவிலும் அடிபட்ட மானைத் தேடப் பல மாநிலங்கள் நாயை அனுமதிக்கின்றன, கயிற்றில் இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்த நாய் ரத்தத்தை மட்டும் தேடுவதில்லை. பன்றியின் முன்னங்காலில் மணச் சுரப்பிகள் உண்டு. மிதிபட்ட புல், கிளறிய மண், உரசிய கிளை எல்லாவற்றிலும் வாடை ஒட்டும். ஒரு சொட்டு ரத்தம் வெளியே விழாவிட்டாலும் நாய்க்கு வழி தெரியும் என்பதால்தான் கொழுப்படைத்த பன்றிக்கு இது பொருந்துகிறது.

இதில் அவசரம்தான் எதிரி. குண்டு பட்ட இடத்தில் முதலில் ரத்தத்தைப் பார்க்கவேண்டும். நுரை கலந்து இளஞ்சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, அரை மணி நேரத்தில் கிளம்பலாம். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் பொறுக்கவேண்டும். பச்சையும் பழுப்புமாகச் சாண நாற்றத்தோடு இருந்தால் குடல். அப்போது ஆறு மணி நேரமாவது காத்திருக்கவேண்டும் என்பது அனுபவசாலிகள் சொல்வது. உடனே போனால் படுத்த பன்றி எழுந்து இன்னும் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், கிடைக்காமலே போய்விடும். துடிக்கிற உயிரை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது மனதுக்குச் சங்கடம்தான். ஆனாலும் வேதனையைச் சீக்கிரம் முடிக்க அதுவே வழி.

காற்றும் நேரமும் நம் ஊரில் தனிக் கணக்கு. காய்ந்த மணலில் வாடை நிற்காது, ஈரத்தில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஓய்ந்த இடைவெளியும், மார்கழி விடியற்காலைப் பனியும் நாய்க்கு நல்ல நேரம். கச்சான் வீசும் ஆனி, ஆடியில் நண்பகல் தேடல் வீண், நாய்க்கு வெப்பத்தாக்கு வரும் ஆபத்தும் உண்டு. காற்று பக்கவாட்டில் அடித்தால் நாய் தடத்தின் மேலே போகாமல் காற்று தள்ளும் பக்கமாகச் சற்று விலகிப் போகும். கயிறு பிடிப்பவர் “தடம் இங்கேயல்லவா இருக்கிறது” என்று இழுக்கக்கூடாது, நாயை நம்பவேண்டும். கீதாரி பின்னால் வந்து அங்கங்கே குளம்பைப் பார்த்து உறுதி சொன்னால் போதும். நாயும் அவரும் சேர்ந்த ஜோடிக்கு ஈடு வேறில்லை.

கயிறு பத்து மீட்டராவது வேண்டும். நூல் கயிறு, சணல் கயிறு கருவைக்கு ஆகாது, முள் ஒவ்வொன்றும் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான பிளாஸ்டிக் பூச்சுள்ள கயிறு நல்லது. முனையில் முடிச்சோ கண்ணியோ இருக்கக்கூடாது. தேவைப்பட்டால் கயிற்றை நழுவவிட்டு, மறுபக்கம் சுற்றிப்போய்ப் பிடிக்கலாம். பாதத்துக்கு உறை அவசியம், கருவை முள் உள்ளே ஒடிந்தால் சீழ்பிடித்து நாய் வாரக்கணக்கில் நொண்டும். பன்றி கிடைத்ததும் நாய்க்குப் பச்சை இறைச்சி போடவே கூடாது, பன்றியிடமிருந்து நாய்க்குத் தொற்றும் கொடிய நோய்கள் உண்டு.

எந்த நாய்? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து மண்டை நாய்க்கு நெஞ்சுரம் அதிகம், பன்றிக்குப் பயப்படாது. ஆனால் இந்த வேலைக்கு அந்தத் துணிச்சலே தடை, பன்றியைக் கண்டதும் பாயப் பார்க்கும். கோம்பைக்கும் அதே சுபாவம். லேப்ரடாருக்கு மூக்கும் பொறுமையும் உண்டு, வனத்துறையில் பழகிய இனம், குவாலியர் பக்கம் தெக்கான்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையத்தில் மோப்ப நாய்களைத் தயார் செய்கிறார்கள். வெயில்தான் அதற்குச் சிரமம். என் தேர்வு, கிடையில் பிறந்து வளர்ந்த சாதாரண நாட்டு நாய்க்குட்டிகளில் மூக்கைத் தரையிலேயே வைத்து நடக்கிற ஒன்று. வெயிலும் முள்ளும் அதற்குப் புதிதல்ல. முக்கியமாக, ஆடு குறுக்கே போனாலும் திரும்பிப் பார்க்காது. நம் ஊரில் எந்தத் தடத்தையும் விடிந்த கொஞ்ச நேரத்தில் ஒரு கிடை ஆடு மிதித்துவிடும் என்பதால் இந்தக் குணம் பெரிய சொத்து.

பழக்குவதற்குக் காட்டுயிர் எதையும் தொடவேண்டியதில்லை. இறைச்சிக் கடையில் வளர்ப்புப் பன்றியின் ரத்தமும் குளம்பும் கிடைக்கும். செருப்பின் அடியில் குளம்பைக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் ரத்தம் தெளித்து நடந்து தடம் போடலாம், ஜெர்மனியிலும் இப்படித்தான் செய்கிறார்கள். முதலில் குட்டையான, சற்றுமுன் போட்ட தடம். பிறகு வளைவு, அப்புறம் ஒரு ராத்திரி ஆறிய தடம். தடத்தின் முடிவில் கண்டுபிடிக்க ஒரு துண்டுத் தோல், கண்டதும் பாராட்டு. ஒரு மழைக்காலம் முழுக்கச் செய்தால் நாய்க்கும் பிடிப்பவருக்கும் ஒருவரை ஒருவர் விளங்கிவிடும்.

ஆகவே சாயல்குடிக்கோ கடலாடிக்கோ சுடுகிற குழு வரும் என்றால், கயிற்று நாயும் அதைப் பிடிப்பவரும் உள்ளூர்க் கீதாரி ஒருவரும் அதே வண்டியில் வரவேண்டும். நாய் தயாராகும்வரை, குண்டு பட்டும் பன்றி ஓடி ஒளிய வாய்ப்புள்ள கருவை ஓரத்தில் சுடாமல், திறந்த வயலில் கிட்டத்தில் நிற்பதை மட்டும் சுடச் சொல்லி ஊராட்சிகள் கேட்கலாம்.