நன்கொடை மடிக்கணினிகளில் இயங்குதளம்: படிமத்தை இறக்குவதா, புதிதாக நிறுவுவதா?

நன்கொடையாக வந்து சேரும் மடிக்கணினிகள் ஒரே ரகமாக இருப்பது அரிது. ஒன்றில் 500 ஜிபி வன்தட்டு இருக்கும், அடுத்ததில் 128 ஜிபி எஸ்எஸ்டி இருக்கும். சில பழைய பயாஸ் முறையில் தொடங்கும், சில யூஇஎஃப்ஐ முறையில் மட்டுமே தொடங்கும் (இவை கணினியைத் தொடங்கிவைக்கும் இரு வகை அடிப்படை மென்பொருள்கள்). விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லோ புதிய செயலியோ இல்லாத, மற்றபடி நன்றாக இயங்கும் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் கொடுப்பதே இப்போது இயல்பான வழி.

ஒரு தாய்க் கணினியைச் சரியாக அமைத்து, அதன் வட்டுப் படிமத்தை, அதாவது வட்டின் உள்ளடக்கத்தின் நகலை, மற்றவற்றில் இறக்கிவிடலாம் என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும். அதற்கு டிடி, குளோன்சில்லா, ஃபாக் என மூன்று கருவிகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. படிமமே எடுக்காமல் தானியங்கியாகப் புதிதாக நிறுவுவது நான்காவது வழி. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் நகலெடுக்கும் வேகத்தையே அளக்கின்றனர். ஆனால், நகலுக்கு முன் பழைய தரவை அழிப்பதும், நகலுக்குப் பின் ஒவ்வொரு கணினிக்கும் தனி அடையாளம் தருவதுமே அதிக உழைப்பைக் கேட்கும் வேலைகள் என்பதால், இவ்வொப்பீடு அவற்றையே அளவுகோலாகக் கொள்கிறது.

டிடியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. அது வட்டின் முதல் பைட்டிலிருந்து கடைசிப் பைட்டு வரை, காலியிடம் உட்பட, அப்படியே நகலெடுக்கிறது. ஆகவே 120 ஜிபி வட்டில் 12 ஜிபி மட்டுமே பயன்பாட்டில் இருந்தாலும் முழு 120 ஜிபியும் எழுதப்படும்; நொடிக்கு 100 எம்பி வேகத்தில் அது 20 நிமிட வேலை. இலக்கு வட்டு சிறிதாக இருந்தால் நகல் பாதியில் நின்றுவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தட்டச்சு செய்தால் எச்சரிக்கை எதுவும் வராது, தாய்ப் படிமமே அழிந்துபோகும். ஒரே மாதிரியான இரண்டு கணினிகளுக்கு மேல் இதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

தைவானின் தேசிய உயர்திறன் கணிமை மையத்தில் உருவான குளோன்சில்லா, பார்ட்குளோன் என்னும் கருவியின் துணையால், எக்ஸ்ட்4, என்டிஎஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில் உண்மையில் பயன்பாட்டில் உள்ள தொகுதிகளை (வட்டின் சிறு பகுதிகளை) மட்டுமே படிக்கிறது. மேற்சொன்ன 12 ஜிபியை அது இரண்டு நிமிடங்களில் எடுத்துவிடும். சுருக்கியபின் படிமம் ஒரு சிறிய பென் டிரைவிலேயே அடங்கும். எந்தக் கேள்வியும் கேட்காமல் தானாகவே படிமத்தை இறக்கும் மீட்பு பென் டிரைவையும் அதிலேயே உருவாக்கிக்கொள்ளலாம் என்பதால், தொழில்நுட்பம் அறியாத தன்னார்வலரிடமும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்து வேலையைப் பகிர முடியும்.

அதன் பலவீனம் வட்டின் அளவில் இருக்கிறது. இலக்கு வட்டு மூல வட்டுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்பதே அதன் இயல்பு எதிர்பார்ப்பு. இதற்கு நல்ல தீர்வு, தாய்க் கணினியை மெய்நிகர் கணினியாக (மென்பொருளுக்குள் இயங்கும் கணினியாக) 25 ஜிபி வட்டுடன் அமைப்பது: அந்தப் படிமம் எந்த மடிக்கணினிக்கும் பொருந்தும், இறக்கும்போது பார்ட்டிஷன்களை (வட்டின் பிரிவுகளை) இலக்கின் அளவுக்கு விகிதப்படி விரிக்கும் தேர்வும் உண்டு. ஆயினும் யூஇஎஃப்ஐ முறையில் எடுத்த படிமம் பயாஸ் மட்டுமே உள்ள பழைய கணினியில் தொடங்காது. இரு வகைகளும் வந்திருந்தால் இரண்டு படிமங்கள் வைத்துக்கொள்வதே நிம்மதி. வயர்லெஸ், திரை போன்றவற்றின் வேறுபாடுகள் அவ்வளவாகத் தொல்லை தருவதில்லை. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் வன்பொருளைத் தேடி உரிய இயக்கிகளை ஏற்றிக்கொள்ளும்.

குளோன்சில்லாவின் வேகத்துக்குக் காரணமான அதே தன்மை ஓர் ஆபத்தையும் ஒளித்து வைத்திருக்கிறது. பயன்பாட்டில் உள்ள தொகுதிகளை மட்டும் எழுதுவதால், 500 ஜிபி வன்தட்டின் மீதிப் பரப்பில் நன்கொடையாளரின் படங்களும் ஆவணங்களும் அப்படியே கிடக்கும். கோப்பு மீட்பு மென்பொருள் ஒன்றிருந்தால் எவரும் அவற்றை எடுத்துவிடலாம். டிடி குறைந்தபட்சம் தான் எழுதிய பரப்பையாவது மேலெழுதிவிடுகிறது. ஆகவே படிமத்தை இறக்குவதை அழித்தலாகக் கருதவே கூடாது. வன்தட்டானால் என்வைப் என்னும் அழிப்பு மென்பொருளைக் கொண்டு ஒரு சுற்று முழுமையாக மேலெழுதுவதும், எஸ்எஸ்டியானால் அதன் உள்ளார்ந்த பாதுகாப்பு அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்துவதும் தனிப் படியாக முன்னரே நடக்க வேண்டும். அளவில் பெரிய வன்தட்டுகளுக்கு இது சில மணி நேரம் பிடிக்கும். இதன் முன் நகலெடுப்பில் மிச்சமாகும் நிமிடங்கள் அற்பமானவை.

ஃபாக்கும் உள்ளுக்குள் பார்ட்குளோனையே பயன்படுத்துகிறது, வேறுபாடு விநியோகத்தில்தான். ஒரு சர்வரில் படிமத்தை வைத்து, கணினிகளைப் பிக்ஸி முறையில் வலையமைப்பு வழியே தொடங்கச் செய்து, இணையப் பக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் கட்டுப்படுத்தலாம். ஒவ்வொரு கணினியின் நினைவகம், வரிசை எண் முதலியவற்றை அது தானே பதிவுசெய்துகொள்வது நன்கொடைக் கணக்கு வைப்போருக்குப் பெரும் உதவி. மல்டிகாஸ்ட் முறையில் ஒரே அனுப்பலை எல்லாக் கணினிகளும் ஒருசேரப் பெறும். ஆனால் மெதுவான கணினியின் வேகமே அனைத்தின் வேகமும் ஆகிவிடுவதால், சாகும் தறுவாயில் உள்ள ஒரு வன்தட்டு முழு வரிசையையும் நிறுத்திவைக்கும். நன்கொடைக் குவியலில் அத்தகைய வன்தட்டு இல்லாமல் இருப்பதில்லை. மேலும், சுவிட்ச் 100 மெகாபிட் வேகத்தது என்றால் நொடிக்கு 12 எம்பிக்கு மேல் வராது, அதைவிட யுஎஸ்பி 3 பென் டிரைவே மேல். மெல்லிய மடிக்கணினிகளில் ஈதர்நெட் துளையே இருக்காது. கையொப்பமிட்ட மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட்டைப் பெரும்பாலும் அணைக்க வேண்டியிருக்கும். மாதந்தோறும் கணினிகள் வந்துகொண்டிருக்கும் நிலையான பட்டறைக்கு ஃபாக் தகும். ஒருமுறை வந்த இருபது கணினிகளுக்காக அதை அமைப்பது வீண்வேலை.

இனி அடையாளம். படிமம் எல்லாவற்றையும் நகலெடுக்கிறது, நகலெடுக்கக் கூடாதவற்றையும் சேர்த்து. லினக்ஸ் நிறுவலின் தனி அடையாள எண்ணைக் கொண்ட மெஷின்-ஐடி கோப்பு எல்லாக் கணினிகளிலும் ஒன்றாகவே இருந்தால், அதிலிருந்து அடையாளம் உருவாக்கும் வலையமைப்பு மென்பொருள்கள் இரு கணினிகளுக்கு ஒரே ஐபி முகவரியைக் கேட்கக்கூடும். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சர்வர் நிறுவியிருந்தால் அதன் திறவுகோல்களும் பொதுவாகிவிடும். படிமம் எடுக்கும் முன் முன்னதை வெற்றுக் கோப்பாக்கி, பின்னவற்றை அழித்து, முதல் தொடக்கத்தில் புதிதாக உருவாகும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். லினக்ஸ் மின்ட்டின் ஓஇஎம் (கணினித் தயாரிப்பாளர்களுக்கான) நிறுவல் முறையைத் தாய்க் கணினியில் பயன்படுத்தினால், பெறுபவர் முதன்முதலில் திறக்கும்போது தம் பெயரையும் கடவுச்சொல்லையும் தாமே அமைத்துக்கொள்ளலாம்.

வட்டைக் கடவுச்சொல் இன்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் மறையாக்கத்துக்கு மட்டும் இத்தகைய ஒட்டுவேலை போதாது. லினக்ஸின் வழக்கமான மறையாக்க முறையான லக்ஸில் மறையாக்கிய வட்டை நகலெடுத்தால் எல்லாக் கணினிகளும் ஒரே அடிப்படைத் திறவுகோலைப் பெறுகின்றன. கடவுச்சொல்லை மாற்றினாலும் அத்திறவுகோல் மாறாது. ஒரு கணினியைப் பெற்றவர் தம்முடையதிலிருந்து அதை எடுத்து, களவு போன இன்னொன்றின் வட்டைத் திறக்க இயலும்.

மறையாக்கம் தேவை என்றால் நான்காவது வழிதான் சரி. டெபியனில் பிரிசீடு, உபுண்டுவில் ஆட்டோஇன்ஸ்டால், ஃபெடோராவில் கிக்ஸ்டார்ட் என்னும் விடைக் கோப்புகளைக் கொடுத்தால், நிறுவியே கேள்விகளுக்கு விடையை அதில் பார்த்துக்கொண்டு, அந்தந்த வட்டின் அளவுக்கும் தொடக்க முறைக்கும் ஏற்றபடி நிறுவி, ஒவ்வொன்றுக்கும் புதிய அடையாளத்தையும் திறவுகோலையும் உருவாக்கும். இதற்குக் கொடுக்கும் விலை நேரம்தான்: விடைக் கோப்பைச் சோதித்துத் திருத்த ஒரு நாள் போனாலும் வியப்பில்லை, ஒவ்வொரு நிறுவலும் படிமத்தை இறக்குவதைவிடப் பல மடங்கு நீளும். மென்பொருள் பொட்டலங்களை உள்ளூரில் சேமித்துத் தரும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி இருந்தால் இணையச் சுமை குறையும். முதல் வட்டைக் கேள்வியின்றி அழிக்கும்படி எழுதிய பென் டிரைவைத் தவறான கணினியில் செருகினால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பார்த்து, அதன்மேல் பெரிதாக எழுதி ஒட்டிவைக்க வேண்டும்.

மறையாக்கம் கேட்கப்படாத, ஒருமுறை வந்த கலவையான குவியலுக்கு என் தேர்வு, ஓஇஎம் முறையில் மெய்நிகர் கணினியில் அமைத்த படிமமும் குளோன்சில்லா பென் டிரைவுகளுமே. குவியலில் மிகப் பழையதிலும் மிகப் புதியதிலும் முதலில் இறக்கி, வயர்லெஸ், ஒலி, மூடியை மூடித் திறந்தபின் விழித்தெழுதல் ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே மற்றவற்றைத் தொட வேண்டும்.