அக்செஸும் எங்கள் வலைக்கடைக் கடன் கணக்கும்

திருகோணமலையில் எங்களுக்கு மீன்பிடி வலை விற்கும் ஒரு சின்னக் கடை. கடன் கொப்பியை மூடிவிட்டு, தரவுகளைப் பதிந்து கணக்குப் பார்க்கும் மைக்ரோசொஃப்ட் அக்செஸ் மென்பொருளுக்கு மாறியது 2016இல். நான் புரோகிராமிங் படித்தவனில்லை. பெட்டிக்குள் எழுதும் கணக்குச் சூத்திரமான எக்ஸ்பிரஷனும், வேலைகளை வரிசையாகத் தானாகச் செய்யும் மேக்ரோவும்தான் என் எல்லை. கடைக்கு அது போதும்.

முதலில் 'மீதி' என்ற பெட்டியில் மொத்தத்திலிருந்து கட்டியதைக் கழி என்று எழுதியிருந்தேன். ஒரு சதமும் கட்டாதவருக்கு அது வெறும் வெள்ளையாக நின்றது. அக்செஸுக்குக் காலி வேறு, பூச்சியம் வேறு. காலியைக் கழித்தால் விடையும் காலிதான். அதிகம் கடன்பட்டவர்தான் என் கணக்கில் சுத்தமானவர்! காலியாக இருந்தால் 0 என்று எடுக்கும் என்இசட் ஃபங்ஷனைப் போட்டதும் சரிவந்தது.

பெரிய அடி 2022இல். ரூபா விழ, நைலோன் வலை விலை ஏறிக்கொண்டே போனது. நானும் விலை டேபிளில் மாற்றிக்கொண்டே இருந்தேன். திருக்கடலூர் அண்ணை ஒருவர் பழைய பில் துண்டோடு வந்து நின்றார்: "தம்பி, மாசியில எடுத்த வலைக்குச் சித்திரை விலையோ?" அவர் சொன்னது நியாயம். பில்லில் விலையை நான் சேமிக்கவே இல்லை. விலை டேபிளில் தேடி எடுத்துக் காட்டும் டிலுக்கப் ஃபங்ஷனைப் போட்டு வைத்திருந்ததால், பழைய பில்லைத் திறந்தாலும் திறக்கும் நாளின் விலையே வந்து விழுந்தது. இரவோடிரவாக மாற்றினேன். கொம்போ என்ற தெரிவுப் பெட்டியில் பொருளைத் தெரிவு செய்ததும், அதன் ஆஃப்டர் அப்டேட்டில் ஒரு மேக்ரோ ஓடி, விலையைப் பில் வரியிலேயே எழுதிவிடும். அப்படி எழுதும் செட்வேல்யூ என்ற அக்‌ஷன் முதலில் கண்ணிலேயே படாது, 'எல்லா அக்‌ஷன்களையும் காட்டு' என்ற பொத்தானை அழுத்த வேண்டும். கொம்போவின் நிரல்களை (கொலம்களை) 0இலிருந்து எண்ணுவதால் மூன்றாவது நிரலுக்கு 2 என்று கொடுக்க வேண்டும். அதற்கே ஒரு மணித்தியாலம் போனது.

இன்னும் எரிச்சல் தருவது திகதி. வாடைக்காலத்தில் ஏறும் கடன் கடல் அடங்கியபின்தான் இறங்கும். அதனால் திகதிவாரியாகக் கூட்ட, நிபந்தனைக்குப் பொருந்தும் வரிகளை மட்டும் கூட்டும் டிசம் ஃபங்ஷனை எழுதினேன். நிபந்தனைக்குள் ஹாஷ் (#) குறிகளுக்கு நடுவே திகதி போட்டால், விண்டோஸில் நாம் எப்படி வைத்திருந்தாலும் அக்செஸ் மாதத்தையே முன்னுக்கு வாசிக்கும். நாளை முன்னுக்குப் போட்டு 5/3 என்று எழுதிய மார்ச் 5 மே 3 ஆகிவிடும். 13ஆம் திகதியிலிருந்து பிழை தெரியாது, பதின்மூன்றாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அக்செஸ் அதை நாளாகவே எடுத்துவிடும். மாத முற்பகுதியில் மட்டும் கணக்கு பிசகியதால் வைரஸ் என்றே நினைத்தேன். இப்போது ஃபோர்மட் ஃபங்ஷனால் வருடம், மாதம், நாள் என்று மாற்றித்தான் கொடுக்கிறேன்.

தங்கையின் மகன் அக்செஸ் போன்ற இன்னொரு மென்பொருளான லிப்ரே ஒஃபிஸ் பேஸுக்கு மாறச் சொல்கிறான், இலவசமாம். என் மேக்ரோக்களை அதில் புதிதாகத்தான் செய்ய வேண்டும். 5ஆம் திகதி பில் ஒன்றை அதில் போட்டுக் கூட்டிக் காட்டு, பிறகு கதைப்போம் என்றிருக்கிறேன்.