கண்ணருகு அளவுகோலுடன் ஆறு ஆண்டுகள்

நூறு பிரிவுகள் கொண்ட வட்டக் கண்ணாடி அளவுகோல் ஒன்று ஆறு ஆண்டுகளாக என் நுண்ணோக்கியின் வலது கண்ணருகு வில்லைக்குள் இருக்கிறது. சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சாப்பாட்டு மேசையில், தேக்கா சந்தையில் வாங்கிய கிழங்குகளின் மாவுமணிகளையும் தாழ்வாரத் தொட்டியில் பூக்கும் செம்பருத்தியின் மகரந்தத்தையும் அளப்பதற்காக இதை வாங்கினேன். அரிசி மாவின் மணிகள் பெரும்பாலும் 10 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அடங்கிவிடும். உருளைக்கிழங்கின் பெரிய மணிகள் 100 மைக்ரானை நெருங்கும். இத்தகையவற்றை ஒப்பிட வேண்டுமென்றால் கண் மதிப்பீடு உதவாது.

வாங்கும்போது நான் அறியாதிருந்தது, இந்த அளவுகோலின் பிரிவுக்கென்று தனி மதிப்பு கிடையாது என்பதே. மாதிரிக்கு அருகில் இருக்கும் பொருளருகு வில்லையை மாற்றினால் மதிப்பும் மாறும். அதனால் மாதிரியை வைக்கும் மேடையில் வைப்பதற்கு மற்றோர் அளவுகோல் தேவைப்படுகிறது: 1 மில்லிமீட்டர் நீளம் 100 பிரிவுகளாகப் பகுக்கப்பட்ட ஸ்லைடு, ஒரு பிரிவுக்கு 10 மைக்ரான். முதலில் வெற்று ஒளிப்பரப்பைப் பார்த்தபடி கண்ணருகு வில்லையின் மேல் வளையத்தைத் திருகிக் கோடுகளைத் தெளிவாக்கிக்கொண்டு, அதன் பிறகே மேடை ஸ்லைடைக் குவியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு அளவுகோல்களையும் இணையாக்கி, அவற்றின் சுழிக் (0) கோடுகளைப் பொருத்திவிட்டு, வலப்பக்கம் இயன்ற அளவு தொலைவில் எந்த இரு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்று தேட வேண்டும். என் கருவியில் 40 மடங்கு வில்லையின் கீழ் கண்ணருகு 80-ஆம் கோடும் மேடையின் 21-ஆம் கோடும் பொருந்தின. 210-ஐ 80-ஆல் வகுத்தால் ஒரு பிரிவு 2.625 மைக்ரான். கணக்குப்படி எதிர்பார்க்கப்படும் 2.5-ஐ அப்படியே நம்பியிருந்தால் ஒவ்வோர் அளவும் ஏறத்தாழ 5 விழுக்காடு குறைந்திருக்கும்.

இந்த உருப்பெருக்கத்தில் மேடைக் கோடுகள் தடித்த பட்டைகளாகத் தெரியும். பட்டையின் நடுவை ஊகிப்பதைவிட, இடது விளிம்பை இடது விளிம்போடு பொருத்துவது மிகவும் நம்பகமானது. 10 மடங்கு வில்லைக்கு 10.42 மைக்ரான் வந்தது. 4 மடங்கில் முழு மில்லிமீட்டரும் 38 பிரிவுகளுக்குள் அடங்கிவிடுவதால் அரைப் பிரிவு தவறினாலே பிழை ஒரு விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அந்த வில்லையின் அளவுகளை நான் தோராயமாகவே குறித்துக்கொள்கிறேன்.

நான்காம் ஆண்டில், உயர்நிலை மூன்றில் படித்த என் மகளும் மாவுமணிகளை அளக்கத் தொடங்கினாள். சில வாரங்கள் கழித்து வழக்கமான சரிபார்ப்பைச் செய்தபோது, மேடையின் 21-ஆம் கோடு 80-ஐ எட்டாமல் 78-ஐ அடுத்தே நின்றது. ஸ்லைடைத் துடைத்தும் வில்லைகளை இறுக்கியும் பார்த்தேன், மாற்றமில்லை. 10 மடங்கிலிருந்து 40-க்கு மாறும்போது முன்பெல்லாம் தங்கியிருந்த குவியமும் இப்போது விலகியதைக் கவனித்த பின்னரே காரணம் பிடிபட்டது. எனது பழைய வகைக் கருவி. குழல் நீளம் 160 மில்லிமீட்டர், இரு கண்ணருகு வில்லைகளும் பக்கவாட்டில் நகரும் தலை. என் கண்களுக்கு 64 மில்லிமீட்டர் இடைவெளி, மகளுக்கு 58. இடைவெளியைக் குறைத்தால் இவ்வகைத் தலையில் ஒளி செல்லும் பாதையின் நீளமும், அதாவது குழல் நீளமும், குறைகிறது, உருப்பெருக்கம் தாழ்கிறது, ஒரு பிரிவின் மதிப்பு உயர்கிறது. அவளுடைய நிலையில் அளந்தபோது அது 2.68 மைக்ரான், அதாவது 2 விழுக்காடு கூடுதல்.

இதை ஈடுசெய்வதற்கென்றே இரு குழல்களிலும் எண் பொறித்த வளையங்கள் இருக்கின்றன. கண் இடைவெளியைக் காட்டும் அளவுகோலில் காணும் எண்ணையே இரு வளையங்களிலும் வைத்தால் குழல் நீளம் பழையபடி நிலைக்கும். வாங்கிய நாளிலிருந்து அவை தற்செயலாக 64-இல் நின்றிருந்தன; நான் அவற்றைத் தொட்டதே இல்லை. இரு குழல்களும் கீல்போல் மடங்கும் தலை கொண்ட கருவிகளில் இந்தச் சிக்கல் எழாது என்பதால், அளவீட்டுக்காகவே நுண்ணோக்கி வாங்குவோர் அவ்வகையைத் தேர்ந்தெடுக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

ஆண்டு முழுவதும் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் சிங்கப்பூரில் கண்ணாடியின் பெரும்பகை பூஞ்சை. அளவுகோல் இருக்கும் தளம் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியும் தளம் என்பதால், அதில் படியும் சிறு தூசியும் விரல் தடமும் மாதிரியின் மீதே கிடப்பதுபோல் தோன்றும். எனவே கண்ணருகு வில்லையைக் கழற்றுவதே இல்லை. கருவி முழுவதையும் 45 விழுக்காட்டு ஈரப்பதத்தில் உலர்பெட்டியில் வைக்கிறேன். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே எடுத்தால் பனித்திவலைகள் மறையும்வரை காத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு பதிவிலும் வில்லை, இடைவெளி எண், வளைய எண், பிரிவின் மதிப்பு ஆகிய நான்கையும் எழுதுகிறோம். மகளின் பதிவுகளில் அவள் மட்டுமே அளந்த நான்கு பக்கங்களை 2.68-ஆல் மீண்டும் கணக்கிட்டோம். இருவரும் மாறிமாறி அமர்ந்த நாட்களின் பக்கங்களை மட்டும் திருத்த முடியவில்லை. அவற்றின் ஓரத்தில் "இடைவெளி தெரியாது" என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.