வெயிட்டிங் கட்டத்தை நம்பாதீங்க: எங்க படிப்பகத்துல கான்பான் போட்டு ஓட்டின அனுபவம்

எண்ணூர் பக்கம் ரத்ததான குரூப் நடத்துற தோழர் ஒருத்தர் கேட்டாரு, நீங்க பீரோ கதவுல அட்டை ஒட்டி வேலையைப் பிரிச்சுப் பண்றீங்களே அது ஒர்க் ஆவுதா, நாங்களும் போடலாமான்னு. ஃபோன்ல சொல்ல ஆரம்பிச்சா எனக்கு கோவம்தான் முன்னாடி வருது, அதனால எழுதிடுறேன். இந்த முறைக்குப் பேரு கான்பான், அதை மொதல்ல இருந்து சொல்லப் போறதில்ல, செய்யணும், செய்றோம், முடிஞ்சிச்சுன்னு மூணு கட்டம், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அட்டை, வேலை நகர நகர அட்டையும் அடுத்த கட்டத்துக்குப் போகும், அவ்ளோதான்.

எங்களுது கொருக்குப்பேட்டைல சாயங்கால படிப்பகம். ஹார்பர்ல ஷிஃப்ட் போறவர், காலேஜ் பசங்க, ரயில்வேல ரிட்டயர் ஆன ஒரு ஐயா, வீட்டு வேலைய முடிச்சிட்டு வர்ற ரெண்டு அக்காங்க, எல்லாரும் அவங்கவங்க நேரத்துக்கு வருவாங்க, ஒரே நேரத்துல எல்லாரும் உக்காந்து பேசுறது பொங்கலுக்குக் கூட நடக்காது. டியூஷன் மட்டும்னா பரவால்ல, நோட்டு வாங்கணும், லைப்ரரி புக்குக்கு அட்டை போடணும், டென்த் பசங்க மாடல் எக்ஸாமுக்கு கொஸ்டின் பேப்பர் ஜெராக்ஸ் எடுக்கணும், கண் பரிசோதனை கேம்ப் போடணும். எல்லாம் வாட்ஸப் குரூப்ல ஓடிட்டிருந்துச்சு, நல்லா ஓடலைன்னு சொல்லவே வேணாம், காலைல ஒருத்தர் கேட்ட விஷயம் நைட்டு குட்மார்னிங் படத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அடில புதைஞ்சிடும்.

மொதல்ல ஃபோன் ஆப்லதான் போர்டு போட்டோம். ஆப் மேல குறை இல்ல, ஆனா அக்காங்க ரெண்டு பேரும் அதைத் திறக்கவே இல்ல, ஐயாவுக்கு எழுத்து சின்னது. அப்புறம் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு, கரண்ட் இல்ல, டவர் இல்ல, தெருவுல தண்ணி. பால் பவுடர் யாரு வாங்குறது, எந்தச் சந்துக்கு சாப்பாடு போயிடுச்சு, எந்த வீட்டுல சுகர் மாத்திரை வேணும்னு எல்லாத்தையும் கல்யாணப் பத்திரிகையக் கிழிச்சு பின்பக்கத்துல எழுதி, பழைய ஸ்பீக்கர்ல இருந்த காந்தத்த வச்சு இரும்பு பீரோ கதவுல ஒட்டினோம். யாரு உள்ள வந்தாலும் யாரையும் கேக்காம ஒரு அட்டைய எடுத்துட்டுக் கிளம்பினாங்க. அன்னிக்குத்தான் எனக்கு இந்த முறை மேல முழு நம்பிக்கை வந்துச்சு, அதுக்கப்புறம் ஆப் பக்கம் போகவே இல்ல. ஸ்டிக்கி நோட் வாங்கிறாதீங்க, ஃபேன் போட்டா பறக்கும், நம்ம கடற்கரைக் காத்துல பசையும் நிக்காது.

இப்போ நல்ல விஷயத்தச் சொல்லிடுறேன், அப்புறம் திட்டுறேன். "செய்றோம்" கட்டத்து மேல சாக்பீஸ்ல ஒரு நம்பர் எழுதி வச்சிருக்கோம், அதுக்கு மேல அட்டை ஏறக்கூடாது. இதுதான் கான்பானோட உயிரு. டொயோட்டா கார் கம்பெனில தாய்ச்சி ஓனோங்கற இன்ஜினியர் கொண்டு வந்தப்பவும் இதேதான், அடுத்த ஆளு பொருளை எடுத்து அட்டை திரும்பி வந்தாத்தான் முன்னாடி இருக்குறவன் புதுசா செய்வான், சும்மா செஞ்சு குவிக்க மாட்டான். சம்பளம் இல்லாத வேலைல இந்த நம்பர் செய்ற நன்மை பெருசு. நம்ம ஆளுங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வராது, எல்லாத்துக்கும் சரிங்க தோழர் சரிங்க தோழர்னு தலையாட்டிட்டு ஒரு மாசத்துல களைச்சுப் போயி குரூப்ப விட்டே போயிடுவாங்க. இப்போ அக்காங்கள்ல ஒருத்தங்க பீரோவக் காட்டி "கட்டம் ரொம்பிடுச்சு தம்பி, எதையாவது முடிச்சிட்டு வா"ங்கறாங்க. யாருக்கும் மனஸ்தாபம் இல்ல. இது ஒண்ணுக்காகவே இந்த முறைக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஆனா வெயிட்டிங் கட்டம். இது எங்க குரூப்ல கேட்டு வாங்கிப் போட்டது. நம்ம வேலைல பாதி அடுத்தவங்க கைலதானே இருக்கு, ஹெச்எம் பர்மிஷன், பிரஸ்காரர் பேனர், பணம் தரேன்னு சொன்னவரு, அதனால காத்திருக்கிற அட்டைக்குத் தனி இடம், அது லிமிட்ல வராதுன்னு முடிவு பண்ணாங்க. கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. நடந்தது என்னன்னா, யாருக்கு எந்த வேலை பிடிக்கலையோ அந்த அட்டை ஒரு ஃபோன் பண்ணிட்டு வெயிட்டிங்குக்குப் போயிடுது, இடம் காலியாச்சுன்னு புது அட்டை ஏறிடுது. நம்ம கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல நிக்கிற வண்டி மாதிரின்னு சொல்லலாம்னா, கேட்டாவது ரயில் போனா திறக்கும், இங்க யாரு திறக்கணும்னே அட்டைல எழுதல. அட்டைல யாரைக் கேட்டிருக்கோம், அடுத்து எந்தத் தேதில கேக்கணும்னு எழுதச் சொல்லி ரூல் போட்டேன், ரெண்டு மூணு வாரம் எழுதினாங்க, திரும்ப வெறும் "வெயிட்டிங்"தான்.

போன வாரம் கண் கேம்ப் அட்டைய எடுத்துப் பாத்தா, டாக்டர் வரேன்னு எப்பவோ பதில் போட்டிருக்காரு, அவரு ஃப்ரீயா இருக்கேன்னு சொன்ன ஞாயித்துக்கிழமை தாண்டிப் போயிடுச்சு, போர்டு எழுத்து தெரியாம கண்ணச் சுருக்கிப் பாக்குற பசங்க இன்னும் அப்படியே முன் பெஞ்சுல உக்காந்திருக்குதுங்க. இதுல எனக்கு ஆத்திரம் வராம இருக்குமா?

கணக்காப் பாத்தாலும் இது தப்பு. 1961ல ஜான் லிட்டில்னு ஒருத்தர் நிரூபிச்ச விதி ஒண்ணு இருக்கு, கைல சராசரியா 12 வேலை கிடக்குது, வாரத்துக்கு 3 முடியுதுன்னா ஒரு வேலை முடிய சராசரியா 4 வாரம் ஆகும். வெயிட்டிங்ல இருக்கறதும் ஆரம்பிச்ச வேலைதான், அதை எண்ணாம விட்டா சாக்பீஸ்ல எழுதின நம்பர் பொய்யாயிடும், வெயிட்டிங்லயும் கிட்டத்தட்ட அதே அளவு அட்டை கிடந்தா, 4 வாரம்னு நம்ம நினைப்போம், அட்டை 7, 8 வாரம் கிடக்கும். நியாயமா சொல்லணும்னா, நம்ம சோம்பேறி இல்ல ஸ்கூல்லதான் லேட்டுன்னு வெளிய தெரிய வச்சதும் இதே கட்டம்தான், அதுக்காக ஐயா ரொம்ப வாதாடுறாரு, அவரு சொல்றதுல தப்பும் இல்ல.

இருந்தாலும் தோழர், உங்க ரத்ததான குரூப்புக்கு நான் சொல்றது, பீரோ வாங்குங்க, காந்தம் வாங்குங்க, நம்பர் எழுதுங்க, வெயிட்டிங் கட்டம் மட்டும் போடாதீங்க. யாருக்காகக் காத்திருந்தாலும் அட்டை "செய்றோம்"லயே நிக்கட்டும், இடத்த அடைக்கட்டும், அடைச்சாத்தான் நாலு பேரு ஃபோன எடுத்து "சார் என்ன ஆச்சு"ன்னு கேப்பாங்க. எங்க பீரோல நானே இந்த ஞாயித்துக்கிழமை அந்தக் கட்டத்த அழிக்கப் போறேன், ஐயா கோச்சுக்கிட்டாலும் சரி. டாக்டருக்கு நேத்தே ஃபோன் பண்ணிட்டேன், அடுத்த மாசம் ரெண்டாவது வாரம் தேதி குடுத்திருக்காரு, பெஞ்ச் தூக்க ரெண்டு பசங்களும் கண்ணாடி செலவுக்கு ஸ்பான்சரும் வேணும்.