கிரேக்க வேர்களைத் தேட ஓர் இணைய அகராதி: எட்டிமான்லைன்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைச் சேர்ந்த டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கி நடத்திவரும் எட்டிமான்லைன், ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேடிப் பார்க்க உதவும் இலவச இணைய அகராதி. மருத்துவமும் விலங்கியலும் படிப்பவர்களுக்கு அது எந்த அளவு பயன்படும் என்பதை மட்டுமே இங்கு எழுதுகிறேன். அதற்காகச் சிறகு என்று பொருள்படும் 'ப்டெரோன்' என்ற ஒரே கிரேக்கச் சொல்லை எடுத்துக்கொண்டு, அதன் கிளைகளைப் பின்தொடர்ந்து பார்த்தேன்.

பூச்சிகளின் வகைப்பாட்டில் இச்சொல் எங்கும் நிறைந்திருக்கிறது. வண்டினங்களுக்கு உரிய கோலியாப்டெரா என்ற பெயரைத் தேடினால், 'உறை', 'சிறகு' என்று அதைப் பிரித்துக் காட்டும் அகராதி, அரிஸ்டாட்டிலே வண்டுகளை அவ்வாறு அழைத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறது. ஒரு வண்டைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. முன்சிறகுகள் இரண்டும் கெட்டியான மூடிகளாகி, பறப்பதற்கான மெல்லிய பின்சிறகுகளை உள்ளே மடித்து வைத்துக் காக்கின்றன. ஈயும் கொசுவும் அடங்கிய டிப்டெரா, அதாவது 'இருசிறகி', என்பதும் அப்படியே. அவற்றின் பின்சிறகுகள் உடலைச் சமநிலையில் வைக்கும் சிறு குமிழ்த் தண்டுகளாகக் குறுகிவிட்டதால், பறக்க உதவுபவை ஓர் இணைச் சிறகுகள் மட்டுமே. வண்ணத்துப்பூச்சிகளின் லெபிடாப்டெரா 'செதிற்சிறகு', வௌவால்களின் கைராப்டெரா 'கைச்சிறகு'. பொருளை அறிந்தபின் இப்பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

இந்த அகராதியின் உண்மையான பலம், தனிச்சொல் பதிவுகளைவிட வேர்ச்சொல் பக்கங்களில்தான் இருக்கிறது. 'ப்டெரோன்' பதிவிலிருந்து ஓர் இணைப்பை அழுத்தினால், 'விரைதல், பறத்தல்' என்ற பொருளுடைய 'பெட்' என்னும் இந்தோ-ஐரோப்பிய (கிரேக்கம், ஆங்கிலம் முதலியவற்றின் பொது மூதாதை மொழி) வேரின் பக்கம் திறக்கிறது. ஹெலிகாப்டரும், பறவை இறகைக் குறிக்கும் ஃபெதரும் அங்கு இருப்பது வியப்பல்ல. கண்ணிமை தொங்கிப்போவதைக் குறிக்கும் டோசிஸும், மருத்துவர்கள் நாள்தோறும் சொல்லும் சிம்ப்டமும் அதே பட்டியலில் நிற்கின்றன. பறத்தலைக் குறித்த வேரே கிரேக்கத்தில் 'விழுதல்' என்ற வினையையும் தந்தது. 'சேர்ந்து வந்து விழுவது' சிம்ப்டம் ஆயிற்று. நோய்க்குறிகளைப் பற்றிய பாடத்தை இந்தப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. வேர்களுக்கு முன்னால் உள்ள உடுக்குறியை (*) மட்டும் மாணவர்கள் கவனிக்க வேண்டும்: அது எழுத்துச் சான்றில் கிடைத்த வடிவம் அல்ல, மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் ஊகித்த வடிவம் என்பதற்கான அடையாளம்.

வகுப்பில் சொல்லக் கேட்டு எழுதும்போது டெரிஜியம் (pterygium), டோசிஸ் (ptosis) ஆகியவற்றின் ஒலிக்காத முதலெழுத்தான p-யைப் பலர் விட்டுவிடுவார்கள். வேரை அறிந்தவர் விடமாட்டார். வெயிலிலும் புழுதியிலும் நெடுநேரம் உழைப்பவர்களின் கண்ணில், வெள்ளைப் பகுதியிலிருந்து கருவிழியை நோக்கி முக்கோணமாகப் படரும் சதைதான் டெரிஜியம். 'சிறு சிறகு' என்ற அதன் பொருள், அந்த வடிவத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது.

குறைகளும் உண்டு. கிரேக்கச் சொற்கள் கிரேக்க எழுத்தில் இல்லாமல் ரோமன் எழுத்திலேயே தரப்படுவதால், மூலமொழியைக் கற்க விரும்புபவருக்கு இது போதாது. அவர்கள் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெர்சியஸ் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் லிடல்–ஸ்காட் கிரேக்க அகராதியையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. எட்டிமான்லைன் பொதுமொழி அகராதி என்பதால் விலங்கினப் பெயர்கள் எல்லாம் இதில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நோயின் காரணம், சிகிச்சை போன்றவற்றுக்கு மருத்துவ அகராதியைத்தான் நாட வேண்டும். விளக்கங்கள் சுருக்கமான ஆங்கிலத்தில் இருப்பதால், தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவர்களுக்கு முதல் சில வாரங்களில் ஆசிரியர் ஒருவர் உடனிருந்து படித்துக் காட்டுவது உதவும்.